‘ஊருல எந்தப் பக்கம்?’

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்பதை நம் இயக்கங்கள் இதுவரை சில்லறைப் பிரச்சினையாகவே பார்த்து வந்திருக்கின்றன. இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம். கல்வி உதவித்தொகை தாமதமானால் ஆர்ப்பாட்டம் செய்கிறோம். வளாகத்துக்குள் நடக்கும் சாதிக்கொடுமைகளை எதிர்த்துத் துண்டறிக்கை போடுகிறோம். எல்லாம் சரி. ஆனால் இடஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி, விழுப்புரத்திலிருந்தோ அரியலூரிலிருந்தோ ஒரு பையோடு வந்து சென்னையில் இறங்கும் பையன் அன்றைக்கு ராத்திரி எங்கே படுக்கிறான்? அந்தப் பொண்ணு எங்கே தங்குது? இந்தக் கேள்வியை நம் கூட்டங்களில் யாராவது எழுப்பி நான் கேட்டதில்லை. சீட்டு கொடுத்ததோடு அரசின் வேலை முடிந்தது, சீட்டு வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலையும் முடிந்தது என்று இருக்கிறோம். வகுப்பறைக் கதவை நாம் உடைத்தோம். வீட்டுக்கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

இருபது வருஷமாகத் தரமணியில் குடியிருக்கிறேன். படிக்க வந்து, படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவன். இதுவரை நான்கு வீடு மாறியாயிற்று. தரமணியைத் தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ்நாட்டிலேயே அறிவு நிறுவனங்கள் இவ்வளவு நெருக்கமாக அடைந்துகிடக்கும் இடம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஒரு பக்கம் 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இன்னொரு பக்கம் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், பாலிடெக்னிக், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம், திரைப்படக் கல்லூரி. கொஞ்ச தூரத்தில் பெருங்குடியில் டாக்டர் அம்பேத்கர் பெயரிலான சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம். இவற்றுக்கு நடுவில் ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சந்துகளுமாக ஒரு குடியிருப்பு. கொத்தனார், சித்தாள், பெயிண்டர், வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆட்டோக்காரர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இந்த நிறுவனங்களின் சுவரைக் கட்டியவர்கள், கக்கூஸைக் கழுவுகிறவர்கள், வாசலில் சல்யூட் அடிக்கிறவர்கள் இவர்கள்தான்.

இங்கே வாடகை குறைவாக இருந்ததற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டு அறை, எட்டு குடும்பம், ரெண்டு கக்கூஸ், ஒரு அடிபம்பு. தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணி. வசதியுள்ளவன் வரமாட்டான், அதனால் வாடகை ஏறாது. அட்வான்ஸ் ரெண்டு மாசம், அதையும் தவணையில் கொடுக்கலாம். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது, வாய் வார்த்தைதான். 2006இல் நான் ஒரு நண்பனோடு சேர்ந்து கொடுத்த வாடகை 1,200 ரூபாய்.

இதை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நம்மில் சிலருக்குச் சேரியையும் குப்பத்தையும் பற்றி எழுதும்போது கண்ணில் தண்ணி வந்துவிடும். அந்த அழுகாச்சி எனக்கு வேண்டாம். சாதி அங்கேயும் இருந்தது. எந்த வரிசையில் எந்த ஆளுங்க என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மன் கோயில் வரி வசூலிக்கும்போது யார் வீட்டைத் தாண்டிப் போகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரம்மா கேட்கும் முதல் கேள்வி ‘வாடகை ஒழுங்கா குடுப்பியா?’ என்பதுதான். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பது ரெண்டாவது மூன்றாவது கேள்வியாகத்தான் வரும். சில சமயம் வராமலே போகும். வறுமை சாதியை ஒழிக்கவில்லை. பேரத்தில் அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியது, அவ்வளவுதான். அந்தச் சின்ன இடுக்கில்தான் நம் மாணவர்கள் பல நூறு பேர் நுழைந்து எம்.ஏ.வும் பி.எல்.லும் முடித்தார்கள்.

இப்போது அந்த இடுக்கும் அடைபடுகிறது.

கதை 2000இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதே 2000இல்தான் அதே பழைய மகாபலிபுரம் சாலையில், இன்னும் தெற்கே துரைப்பாக்கத்தில், கண்ணகி நகர் குடியேற்றமும் ஆரம்பித்தது. நகரத்தின் நடுவிலிருந்து, ஆற்றோரங்களிலிருந்து பிடுங்கப்பட்ட மக்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெரும்பாலோர் நம் மக்கள். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்களை, ‘உங்க பாதுகாப்புக்குத்தான்’ என்று சொல்லி, பிள்ளைகளின் படிப்பு வருஷம் முடியும்வரைகூடக் காத்திராமல், லாரியில் ஏற்றினார்கள். ஒரே சாலை. மேல்முனையில் கண்ணாடிக் கட்டிடம், கீழ்முனையில் எட்டடுக்குச் சேரி. இந்த ரெண்டையும் தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

2007 நவம்பரில் பறக்கும் ரயில் தரமணி வழியாக வேளச்சேரிக்கு வந்தது. நாங்களும் சந்தோஷப்பட்டோம், கடற்கரைவரை சில ரூபாயில் போகலாமே என்று. ரயில் வந்த வேகத்தில் நிலத்தின் விலையும் வந்தது. இப்போது ஓ.எம்.ஆரில் மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. லைன் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து நான்கு மாடியாகின்றன. அந்த மாடிகளில் வீடு இல்லை, கட்டில் இருக்கிறது. ‘பி.ஜி.’ என்கிறார்கள். ஒரு அறையில் நாலு கட்டில், கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை.

இந்தக் கணக்கை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சித்தாள் குடும்பம் ஒரு அறைக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது என்று வையுங்கள். அதே அறையில் நாலு கட்டில் போட்டு, கட்டிலுக்கு 5,000 வாங்கினால் 20,000. எந்த வீட்டுக்காரன் குடும்பத்தை வைத்திருப்பான்? ‘பையனுக்குக் கல்யாணம், வீடு எங்களுக்கே வேணும்’ என்பான். குடும்பம் காலி செய்யும். மூணு மாசத்தில் அங்கே கட்டில் வந்துவிடும். என் மூன்றாவது வீட்டிலிருந்து நான் இப்படித்தான் கிளப்பப்பட்டேன். என் பக்கத்து அறையில் பதினாலு வருஷம் இருந்த அக்கா, தெருமுனையில் இட்லிக் கடை போட்டவர், பெரும்பாக்கத்துக்குப் போனார். கடை இங்கே, வீடு அங்கே. விடியற்காலை மூணரைக்கு எழுந்து மாவுச் சட்டியோடு எந்த பஸ்ஸில் வருவது? ரெண்டு மாசம் வந்துபார்த்தார், பிறகு நின்றுவிட்டார். ஒரு குடியிருப்பு உயர்வதென்றால் இதுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, புல்டோசர் வரவில்லை, பத்திரிகையில் செய்தி இல்லை. ஒரு கடை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது, மாணவத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டிலுக்கு வருபவர்களில் ஐ.டி. ஊழியர்கள் மட்டும் இல்லை, மாணவர்களும் இருக்கிறார்கள். விடுதி கிடைக்காத நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா ஆட்டை விற்று அனுப்பிய காசில் நாலு பேர் சேர்ந்து கொடுக்கும் வாடகை, இன்னொரு சேரிக் குடும்பத்தைக் கிளப்பும் தொகையாக மாறுகிறது. வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்திடம், ‘காலேஜ் பசங்க இவ்ளோ தர்றாங்க, நீ என்ன தருவ?’ என்கிறார். அந்த அக்காவின் கோபம் வீட்டுக்காரர் மேல் போவதற்குப் பதில் பையன்கள் மேல் திரும்புகிறது. பையன்களோ அவர்களை ‘லோக்கல்’ என்கிறார்கள். ஒரே சாதி, ஒரே வறுமை, எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் மேல் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் வேறு எங்கே போவார்கள்? பல்கலைக்கழகம் தர வேண்டிய இடத்தைத் தராமல், அந்தச் சுமையைப் பக்கத்து ஏழைகளின் தலையில் இறக்கி வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். விடுதி கட்டாத ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பணத்தை ஒரு சித்தாள் குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறது.

வாடகை ஏறிய பிறகு சாதி மறுபடி முன்னால் வருகிறது. ஒரு கட்டிலுக்குப் பத்துப் பேர் வரிசையில் நின்றால் வீட்டுக்காரர் பொறுக்கி எடுக்கலாம் அல்லவா? பொறுக்குவது எப்படி? ‘நீங்க சைவமா?’ என்பது ஒன்று. ‘எந்த ஊரு?’ என்பது ரெண்டு. விழுப்புரம் பக்கம் என்றால், ‘அங்க எந்த ஊரு?’ ஊர்ப் பெயரைச் சொன்னால், ‘ஊருல எந்தப் பக்கம்?’ இந்தக் கடைசிக் கேள்வியில் சாதி வெளியே வந்துவிடும். பக்கத்தில் ஏரி என்றால் ஒன்று, தேரடி என்றால் ஒன்று. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ‘தப்பா எடுத்துக்காதீங்க, மாமியார் கொஞ்சம் பழைய காலத்து ஆளு’ என்பார்கள். அப்புறம் புரோக்கர் போன் செய்து, ‘சார், அந்த வீடு நேத்தே முடிஞ்சிடுச்சாம்’ என்பார். அந்த வீட்டு வாசலில் ‘டு-லெட்’ பலகை இன்னும் ஒரு மாசம் தொங்கும்.

2012 பிப்ரவரியில் பக்கத்து வேளச்சேரியில், ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையர்கள் என்றார்கள். அதன் பிறகு வாடகைக்கு இருப்போர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவு போட்டது. ‘போலீஸ் கேக்குறாங்கப்பா’ என்று சொல்லி அப்பா பெயர், சொந்த ஊர், தெரு எல்லாம் கேட்க வீட்டுக்காரருக்கு நல்ல சாக்கு கிடைத்தது. திருடனைப் பிடிக்கும் படிவம் நடைமுறையில் சாதியைப் பிடிக்கும் படிவமாயிற்று.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. 1913இல் நியூயார்க் போன அம்பேத்கருக்குக் கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தது. படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தபோது, அந்த நகரத்தில் அவருக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். நண்பர்களிடம் கேட்டார். ஒரு இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். ஒரு கிறித்தவ நண்பர், மனைவி நாளைக்குத்தான் வருகிறார், அவரைக் கேட்க வேண்டும் என்றார். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். வேலைக்காரன், மனைவி, மாமியார்: வீட்டுக்கு வீடு ஆள்தான் மாறுகிறது, சாக்கு நூறு வருஷமாக ஒன்றேதான். யாரும் ‘எனக்குச் சாதி பார்க்கும் பழக்கம்’ என்று சொல்லமாட்டார்கள்.

அவருக்கு இடம் தந்த கொலம்பியா பல்கலைக்கழகம் மட்டும் புனிதமா என்றால் அதுவும் இல்லை. பக்கத்திலிருக்கும் கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதியில், பொதுப் பூங்காவுக்குள் உடற்பயிற்சிக்கூடம் கட்டி, அந்தப் பகுதி மக்களுக்குக் கீழே தனி வாசல் வைக்கத் திட்டமிட்டது. 1968இல் ஹார்லெம் மக்களும் மாணவர்களும் சேர்ந்து போராடி அதை நிறுத்தினார்கள். 2007இல் அதே பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கரில் புது வளாகம் கட்ட நகர மன்றத்தின் அனுமதி வாங்கியது. விற்க மறுத்தவர்களின் சொத்தை அரசு கையகப்படுத்தலாம் என்று 2010இல் அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்ற அமைப்பும் சொல்லிவிட்டது. 1968இல் மாணவரும் குடியிருப்பவரும் ஒன்றாக நின்றார்கள், தடுத்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

‘சட்டம் இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காவது பிரிவில், எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை செய்தால் குற்றம் என்று எழுதியிருக்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறை. எழுபது வருஷமாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தரமணியில் இதன்கீழ் ஒரு வீட்டுக்காரர் மீது வழக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம்மை வீட்டைவிட்டுத் துரத்துவதைக் குற்றம் என்கிறது. வீடே தராதவனை என்ன செய்வது? 2005இல் உச்ச நீதிமன்றம், ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. சங்கம் வைத்து வேலி போட்டால் அது உரிமையாம்!

வழக்கு வராததற்குக் காரணம் சாட்சி இல்லாமை. ‘வீடு முடிஞ்சிடுச்சு’ என்ற ஒரு சொல்லில் குற்றம் மறைந்துவிடுகிறது. ஆனால் அதை வெளியே கொண்டுவரும் வழி இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லியிலும் சுற்று நகரங்களிலும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே விளம்பரம், ஒரே மாதிரி வேலை, சம்பளம். பெயர் மட்டும் வேறு. போனில் கேட்ட கட்டத்திலேயே தலித் பெயருக்கு 18 சதவீதம், முஸ்லிம் பெயருக்கு 31 சதவீதம் மறுப்பு. ஆதிக்கச் சாதிப் பெயருக்கு மறுப்பே இல்லை. தனி ஆளாகப் பார்த்தால் சாக்கு, சேர்த்துப் பார்த்தால் தீண்டாமை.

அரசு என்ன செய்கிறது? மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, சாதாரண பி.ஏ., எம்.ஏ. படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கான பராமரிப்புத் தொகை, விடுதியில் இருந்தால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். ‘டே ஸ்காலர்’ என்றால் 3,000. அதாவது மாசம் 250. வாடகை அறையில் இருப்பவரைப் பொதுவாக டே ஸ்காலர் கணக்கில்தான் வைப்பார்கள். விடுதி தராததும் அவர்கள்தான், விடுதியில் இல்லை என்று பாதியாகக் குறைப்பதும் அவர்கள்தான். 250 ரூபாய்க்குத் தரமணியில் கட்டிலின் காலைக்கூட வாடகைக்குத் தரமாட்டார்கள்.

மாநில அரசு 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஜூலையில் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் ‘சமூக நீதி விடுதி’ என்று பெயர் வைத்தது. சொல்லுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். முகவரியில் ‘காலனி’ என்று எழுதக் கூசிய கை எத்தனை பேருக்கு என்பது நமக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் முகவரியைப் படித்துச் சாதி கண்டுபிடிப்பதில்லையே. ‘எந்தப் பக்கம்?’ என்று வாயால் அல்லவா கேட்கிறார்? அந்த வாயைக் கேட்க என்ன ஆணை இருக்கிறது?

இன்னொன்று: ஏழைக்குத் தரும் சலுகையும் ஏழையிடம் வந்து சேர்வதில்லை. 2016 முதல் வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் மின்சாரம் இலவசம். எட்டு குடித்தனத்துக்குச் சேர்த்து ரெண்டு மீட்டர் உள்ள இடத்தில், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே விலை வைத்து வாங்குகிறார். இலவசம் அவருக்கு, பில் நமக்கு.

‘வீட்டுக்காரர்களில் நம்ம ஆளுங்களும் உண்டே, அவங்க ரெண்டு காசு பார்க்கக் கூடாதா?’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பட்டா உள்ள நம்மவர் மாடி கட்டினால் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. நம் பெண் ஒருத்தி அந்த மாடியில் பயமில்லாமல் தங்க முடியுமானால் மகிழ்ச்சிதான். ஆனால் நிலத்தின் விலை ஏறும்போது பட்டா உள்ளவனுக்குக் காசு, பட்டா இல்லாதவனுக்குப் பெரும்பாக்கம். நம்மில் எத்தனை பேரிடம் பட்டா இருக்கிறது? ஒரு சிலரின் மாடியைக் காட்டிப் பலரின் லாரியை மறைக்க முடியாது.

ஆகவே சில வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, தோரட் செய்ததை நாம் இங்கே செய்ய வேண்டும். ஒரே டு-லெட் பலகைக்கு இரண்டு மாணவர்கள், ஒரு மணி நேர இடைவெளியில். ஒருவர் ஊர்ப்பக்கம், ஒருவர் நம் பக்கம். தேதி, நேரம், சொன்ன பதில், குறித்துவையுங்கள். நூறு வீடு போதும். சட்டம் படிக்கும் தோழர்கள் அதைப் புகாராக்கட்டும். 1955இன் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்க ஒரே ஒரு வழக்கு வந்தாலும் தெரு முழுக்கப் பேச்சாகும்.

இரண்டாவது, பத்திரம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்தில் ஒப்பந்தமும் அதற்குப் பதிவும் வேண்டும் என்கிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. சென்னையில் பத்து மாசம் வாங்குவது ஏதோ சாஸ்திரம்போல் நடக்கிறது. சட்டம் ஏழையை நினைத்து எழுதப்பட்டதல்ல, ஆனாலும் கையில் காகிதம் உள்ளவனை ஒரே ராத்திரியில் காலி செய்யச் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது, கோரிக்கை. சேர்க்கை எண்ணிக்கைக்கு ஏற்ற விடுதி இல்லாத பல்கலைக்கழகம், இடமில்லாத மாணவருக்கு அந்தப் பகுதியின் வாடகையைக் கொடுக்க வேண்டும். இதை உதவி என்று கேட்கக் கூடாது, சீட்டின் பகுதி என்று கேட்க வேண்டும். நிறுவனத்தின் உள்ளே கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பு கேட்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். மாணவர் சங்கம் தனி, குடியிருப்போர் சங்கம் தனி என்பதை விடுங்கள். நீங்கள் தங்கியிருக்கும் கட்டிலுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போங்கள். வாடகை ஏற்றம் வரும்போது மாடியில் உள்ளவரும் லைன் வீட்டில் உள்ளவரும் ஒரே நாளில் ஒரே வாசலில் நின்று ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பேரம் பேசினால் இருவரையும் ஒருவரைக் காட்டி ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு மூன்று வருஷ வாடகை. மற்றவர்களுக்கு அது வாழ்க்கை. அவர்களோடு நிற்கும் கடமை படித்தவர்களுக்கு உண்டு.

‘ஊருல எந்தப் பக்கம்?’ என்று அடுத்த முறை கேட்டால் பதில் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். சொல்லிவிட்டு, அவர் தரும் சாக்கைத் தேதியோடு எழுதிவையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் நிரம்பும்போது இந்தக் கேள்வியை யார் யாரைக் கேட்பது என்பது மாறும்.